பழைய ரெய்டு டிஸ்க்குகளைப் புது லினக்ஸ் மெஷினில் மாட்டியதும் ஒரு அரே வரவில்லை

குன்னூர்_மூடுபனி:
வணக்கம். பழைய மதர்போர்டு போய்விட்டதால் அதிலிருந்த 6 டிஸ்க்கையும் புதிதாக அசெம்பிள் செய்த மெஷினில் மாட்டியிருக்கிறேன். அரே (பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்றாக்கிய தொகுப்பு) இரண்டு: 4 டிபி × 4 ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும்), 2 டிபி × 2 ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே நகல்). இரண்டும் எம்டிஆட்ம் (லினக்ஸின் ரெய்டு கருவி) கொண்டு டெபியன் 11-இல் உருவாக்கியவை. புதியதில் டெபியன் 12, இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் உள்ள என்விஎம்இ எஸ்எஸ்டி-யில். போர்டில் 6 சாட்டா போர்ட், ஆறும் நிரம்பிவிட்டது.

/ப்ராக்/எம்டிஸ்டாட் (அரேக்களின் நிலையைச் சொல்லும் ஃபைல்) காட்டுவது:

எம்டி127 : ஆக்டிவ் (ஆட்டோ-ரீட்-ஒன்லி) ரெய்டு1 எஸ்டிசி1 எஸ்டிடி1
எம்டி126 : இன்ஆக்டிவ் எஸ்டிஏ1(எஸ்) எஸ்டிபி1(எஸ்)

மாட்டும்போது டிஸ்க் வரிசை மாறிவிட்டது, அதனால்தானா? '--கிரியேட் --அஸ்யூம்-க்ளீன்' போட்டால் வந்துவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். போடலாமா?

ஊட்டி_பைட்:
தம்பி, அதை மட்டும் போட்டுடாதீங்க. கிரியேட் பழைய சூப்பர்பிளாக் (டிஸ்க்கில் இருக்கிற அரே விவரக் குறிப்பு) மேலேயே புதுசை எழுதிடும். டேட்டா ஆஃப்செட் (டேட்டா தொடங்குற இடம்), சங்க் அளவு (டேட்டாவைப் பிரிக்கிற துண்டோட அளவு), டிஸ்க் வரிசை, இதுல ஒண்ணு மாறினாலும் உள்ளே குப்பைதான் தெரியும். டேட்டா ஆஃப்செட்டின் டிஃபால்ட் எம்டிஆட்ம் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறியிருக்கு.

போர்ட் வரிசைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. ஒவ்வொரு டிஸ்க்கிலும் தான் எந்த அரே, எத்தனையாவது இடம்னு எழுதியிருக்கும். முதல்ல 'எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,சீரியல்' ஓட்டுங்க. எத்தனை டிஸ்க் தெரியுது?

குன்னூர்_மூடுபனி:
நாலுதான். பயாஸிலும் நாலுதான் தெரிகிறது. 5, 6-ஆவது சாட்டா போர்ட்டில் இருப்பவை வரவில்லை.

ஊட்டி_பைட்:
அப்போ மேட்டர் லினக்ஸ்ல இல்லை. நிறைய போர்டுகள்ல இரண்டாவது எம்.2 ஸ்லாட்டும் கடைசி இரண்டு சாட்டா போர்ட்டும் ஒரே லேனைப் பங்கு போட்டுக்கும். எம்.2-ல ஏதாவது செருகினா அந்த போர்ட் இரண்டும் செத்துடும். மேனுவல்ல சின்ன எழுத்துல ஒரு அட்டவணை இருக்கும், பாருங்க. மெஷினை அணைச்சு, என்விஎம்இ-யை சிபியு பக்கத்து முதல் ஸ்லாட்டுக்கு மாத்துங்க.

ஒரு விதத்துல இரண்டு டிஸ்க் போனது நல்லதாப் போச்சு. ஒண்ணு மட்டும் காணாம போயிருந்தா, மீதி மூணை வெச்சு அரே தானாவே டீகிரேடடா (ஒரு டிஸ்க் குறைவா) எழுந்திருக்கும். அதுல ஏதாவது எழுதினதும் ஈவன்ட் எண் (அரேயில் மாற்றம் நடக்க நடக்கக் கூடுற எண்ணிக்கை) கூடி, நாலாவது டிஸ்க் பின்தங்கிடும். இரண்டு இல்லாததால ரெய்டு 5 எழவே இல்லை, நாலும் அப்படியே இருக்கும்.

கோத்தகிரி_ரூட்:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். எஸ்எம்பிஎஸ்-ஸும் (பவர் சப்ளை) புதுசா? மாடுலர்னா (கேபிளைக் கழற்றி மாட்டுற வகைன்னா) பழைய எஸ்எம்பிஎஸ்-ஸோட சாட்டா பவர் கேபிளைப் புதுசுல செருகாதீங்க. டிஸ்க் பக்க முனை எல்லாத்துக்கும் ஒண்ணுதான், ஆனா எஸ்எம்பிஎஸ் பக்கம் பின் அமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி வேற. 5 வோல்ட் இருக்கவேண்டிய இடத்துல 12 வோல்ட் போனா டிஸ்க்கோட போர்டு கருகிடும்.

டிஸ்க் சுத்தவே இல்லைன்னா 3.3 வோல்ட் பின்னையும் சந்தேகப்படுங்க. சில டிஸ்க்குகள்ல மூணாவது பின்னுக்கு மின்சாரம் வந்தா "தூங்கு"ன்னு அர்த்தம். நல்ல மோலெக்ஸ் அடாப்டர் போட்டா சரியாயிடும்.

பயாஸ்ல சாட்டா மோட் ஏஹெச்சிஐ (டிஸ்க்குகளைத் தனித்தனியா காட்டுற சாதாரண மோட்) தானே? ரெய்டுன்னு இருந்தா மாத்துங்க.

குன்னூர்_மூடுபனி:
கேபிள் எல்லாம் புது எஸ்எம்பிஎஸ்-ஸோடு வந்தவைதான். ஏஹெச்சிஐ-யில்தான் இருக்கிறது. என்விஎம்இ-யை மாற்றினேன், இப்போது ஆறும் தெரிகிறது. அடுத்து?

ஊட்டி_பைட்:
எழுதுறதுக்கு முன்னாடி படிங்க. 'எம்டிஆட்ம் --எக்ஸாமின்' ரெய்டு 5-இன் நாலு பார்ட்டிஷனுக்கும். அரே யூயூஐடி நாலுலயும் ஒண்ணா, ஈவன்ட்ஸ் எண் ஒண்ணா பாருங்க. ஒண்ணுன்னா:

எம்டிஆட்ம் --ஸ்டாப் /டெவ்/எம்டி126
எம்டிஆட்ம் --அசெம்பிள் --ஸ்கேன்

ஸ்டாப் பண்ணாம அசெம்பிள் போட்டா "டிவைஸ் பிஸி"ன்னு வரும். வந்ததும் முதல் தடவை ரீட்-ஒன்லியா மவுன்ட் பண்ணி நாலு ஃபைலைத் திறந்து பாருங்க. உள்ளே எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரிச்சு நிர்வகிக்கிற அடுக்கு) இருந்தா 'விஜிசேஞ்ச் -ஏஒய்' போட்ட பிறகுதான் மவுன்ட் ஆகும்.

குன்னூர்_மூடுபனி:
நாலிலும் ஒரே ஈவன்ட்ஸ். வந்துவிட்டது, ஃபைல் எல்லாம் இருக்கிறது! ரொம்ப நன்றி அண்ணா. பழைய எஃப்எஸ்டேப் (பூட்டில் எதை எங்கே மவுன்ட் செய்வது என்ற பட்டியல்) வரிகளைச் சேர்த்து ரீபூட் செய்தால் எமர்ஜென்சி மோடில் நிற்கிறது. எம்டி0, எம்டி1 இல்லையாம்.

கோத்தகிரி_ரூட்:
அரே பேருக்குள்ள பழைய மெஷினோட ஹோஸ்ட்நேம் இருக்கு. புது மெஷினுக்கு அது அந்நியம், அதனால 127-ல இருந்து கீழ்நோக்கி எண் கொடுக்குது. 'எம்டிஆட்ம் --டீடெயில் --ஸ்கேன்' தர்ற இரண்டு வரியையும் /ஈடிசி/எம்டிஆட்ம்/எம்டிஆட்ம்.கான்ஃப்-ல போட்டு, டிவைஸ் பேரைக் கையால எம்டி0, எம்டி1-னு மாத்தி, நேம்= பகுதியை எடுத்துடுங்க. யூயூஐடி போதும். அப்புறம் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ' (பூட் ஆரம்பத்துல ஏறுற சின்ன சிஸ்டத்தைப் புதுப்பிக்க). இதை மறந்தா பூட் நேரத்துல பழைய கான்ஃப்தான் படிக்கப்படும், மறுபடியும் 127.

எஃப்எஸ்டேப்-ல எம்டி பேரே வேண்டாம். 'பிஎல்கேஐடி' காட்டுற ஃபைல்சிஸ்டம் யூயூஐடி போடுங்க, கூடவே 'நோஃபெயில்' (டிஸ்க் வரலைன்னாலும் பூட் நிக்காம இருக்க). அந்த ஃபைல்சிஸ்டம் யூயூஐடி வேற, அரே யூயூஐடி வேற, குழம்பிடாதீங்க.

ஊட்டி_பைட்:
கடைசியா ஒரு செக் (டிஸ்க் எல்லாத்தையும் முழுசாப் படிச்சு ஒப்பிடுறது) ஓட்டுங்க: சிங்க்_ஆக்‌ஷன் ஃபைல்ல 'செக்'னு எழுதணும். 4 டிபி டிஸ்க்குக்கு விநாடிக்கு 150 எம்பி வேகம்னாலும் ஏழரை மணி நேரம் ஆகும். மழை நாள்ல கரன்ட் போறது நம்ம ஊர்ல தெரிஞ்சதுதானே, யுபிஎஸ் இல்லாம தொடங்காதீங்க. நடுவுல நிறுத்த 'ஐடில்'.

ஓடும்போது 'ஸ்மார்ட்சிடிஎல் -ஏ'ல 197 (படிக்க முடியாம நிக்கிற செக்டர்கள்), 199 (டேட்டா கேபிள் வழி வந்த பிழைகள்) இரண்டையும் கவனிங்க. 199 ஏறினா பெரும்பாலும் டிஸ்க் இல்லை, கேபிள்தான். இந்த ஈரக்காத்துல ரொம்ப நாள் கிடந்த கேபிள் முனை பச்சை பிடிச்சிருக்கும்.

குன்னூர்_மூடுபனி:
ரீபூட் ஆகிவிட்டது, இப்போது எம்டி0, எம்டி1 என்றே வருகிறது. செக் 11% ஓடியிருக்கிறது. ஒரு டிஸ்க்கில் 199-இன் எண் 42. ஏறவில்லை, அப்படியே நிற்கிறது.

ஊட்டி_பைட்:
அது பழைய கணக்கு, குறையவே குறையாது. 42-லயே நின்னா விட்டுடுங்க. 43 ஆனா அந்த கேபிளை மாத்துங்க.