புதுப்பிப்பு: ஓராண்டுச் சரக்கு, எட்டு மாதங்களுக்குப் பிறகு
மளிகைச் செலவைக் குறைக்க, அந்தந்தப் பருவத்திலேயே ஓராண்டுச் சரக்கை வாங்கி வைக்கப் போவதாகக் கடந்த மாசியில் எழுதியிருந்தேன். ஐப்பசி மழை பிடித்துவிட்ட இந்நேரத்தில், திருநெல்வேலியில் எங்கள் வீட்டு நிலவரம் இது.

கொட்டை நீக்கி, கல்லுப்புத் தூவி, மண்பானையில் அடைத்த புளி கறுத்திருக்கிறதே தவிரக் கெடவில்லை. சித்திரை வெயிலில் காயவைத்த மிளகாய் வத்தலும் நன்றாகவே இருக்கிறது. உண்மையில் பணம் மிச்சமானது இவ்விரண்டில்தான்.

முழு உளுந்தில் வண்டு விழுந்துவிட்டது. வண்டின் முட்டை வயலிலேயே பயற்றில் ஒட்டிக்கொண்டு வரக்கூடியது என்பதால், நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவைத்து, சூடு முற்றிலும் ஆறிய பின்னரே அடைத்திருக்க வேண்டும். நானோ ஒரே நாளில், இளஞ்சூட்டுடன் தகர டப்பாவில் மூடியதால், உள்ளே நீர் வேர்த்து ஈரம் தங்கிவிட்டது. ஆச்சி சொன்னபடி செம்மண் கட்டிக் காயவைத்த துவரையில் ஒரு வண்டுகூட இல்லை. அவர்களின் பேச்சை உளுந்துக்கும் கேட்காதது எனக்கு வருத்தமே.

கருப்பட்டி மழைக்காற்றில் கசியத் தொடங்கியதால், மிச்சத்தைக் காற்றுப் புகாத ஜாடிக்கு மாற்றிவிட்டேன். அரிசியை மட்டும் பங்குனியில், பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்ததும், மூன்று மாதத் தேவைக்கு மேல் வாங்குவதாக இல்லை.