புதுப்பிப்பு: ஓவன் உருளைக்கிழங்கு மொறுமொறுப்பாக வந்துவிட்டது

ஓ.டி.ஜி.யில் (மேசைமேல் வைக்கும் சிறு மின் ஓவன்) சுடும் உருளைக்கிழங்கு நிறம் ஏறியும் மெத்தென்றே இருக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலித்தது சமையல் சோடா யோசனைதான்.

தோல் சீவிய 1 கிலோ கிழங்கு, பெரிய துண்டுகளாக. 2 லிட்டர் கொதிநீரில் உப்பும் அரை டீஸ்பூன் சோடாவும் போட்டு 10 நிமிடம் வேகட்டும். வடித்து, ஆவி போனதும் 4 டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஊற்றி, மூடிபோட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். துண்டுகளின்மேல் கூழ்போல ஒரு பூச்சு படியும்; மொறுமொறுப்பு அதிலிருந்துதான் வருகிறது. புதுக்கிழங்கில் அது சரியாகப் படியாது, பழசே மேல்.

220 டிகிரியில் ஏறக்குறைய 50 நிமிடம். முதல் 20 நிமிடம் தொடவே கூடாது, தட்டில் ஒட்டிப் பிய்யும். துண்டுகளை நெருக்கி அடுக்கினால் அவிந்துவிடும்.

எதிர்பாராதது பூண்டு: ஆரம்பத்திலேயே சேர்த்ததில் கருகிக் கசந்தது. கடைசி 5 நிமிடத்தில் போட்டால் போதும்.