புதுப்பிப்பு: குட்டி வீட்டை எங்கே நிறுத்தலாம்? ஒரு திருத்தம்

அமெரிக்கச் சிறு நகரங்களில் சக்கரம் பொருத்திய குட்டி வீட்டைச் சொந்த மனையில் நிறுத்தலாமா என்ற கேள்விக்கு, "பின்னிணைப்பு கியூ போதும்" என்று முன்பு எழுதியிருந்தேன். அது தவறு.

ஐ.ஆர்.சி. எனும், வீடுகளுக்கான மாதிரிக் கட்டட விதித்தொகுப்பின் 2018 பதிப்பில் உள்ள அந்தப் பின்னிணைப்பு, பரண் நீங்கலாக 400 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்குக் கட்டுமான விதிகளைத் தளர்த்துகிறது. அறை உயரம் 6 அடி 8 அங்குலம் போதும். குளியலறைக்கும் சமையலறைக்கும் 6 அடி 4 அங்குலம். பரண் குறைந்தது 35 சதுர அடி. அந்த ஊர் அதைத் தனியாக ஏற்றிருந்தால்தான் இதெல்லாம் செல்லும். மனையில் எதை வைக்கலாம் என்பது வேறு சட்டம், மண்டல விதி. பலர் சறுக்குவது இங்கேதான்.

சக்கரம் இருந்தால் பல ஊர்கள் அதை ஆர்.வி., அதாவது தங்கும் வசதி கொண்ட பயண வண்டி என்றே எடுத்துக்கொள்ளும். நிறுத்தி வைக்கலாம், குடியிருக்க முடியாது. 2014இல் குட்டி வீடுகளை வரவேற்ற டெக்சஸின் ஸ்பர் நகரம்கூடச் சக்கரத்தைக் கழற்றி அடித்தளத்தில் பொருத்தச் சொல்கிறது.

ஆகவே மனை வாங்கும் முன்பே திட்டமிடல் அலுவலகத்திடம் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: மனையின் மண்டல வகை, வீட்டின் குறைந்தபட்சப் பரப்பு, ஆர்.வி.யில் குடியிருக்கும் விதி. வாய்மொழிப் பதிலை நம்பாதீர்கள். அனுமதி கிடைக்காவிட்டால் மாத வாடகைக்கு இடம் தரும் ஆர்.வி. பூங்காவே பாதுகாப்பான வழி. அங்கே மின் இணைப்பு 30 ஆம்பியரா 50 ஆம்பியரா என்று கேளுங்கள். 30 என்றால் மொத்தமே 3,600 வாட். ஹீட்டரும் மின் அடுப்பும் சேர்ந்தால் பிரேக்கர் விழுந்துவிடலாம்.