பேரிங்: இணைத்தலா, சோடியாக்கமா, சேர்ப்பா?

வணக்கம்.

வீட்டுத் தானியக்க மென்பொருளின் தமிழாக்கத்தில் ‘பேரிங்’ (புதிய சாதனத்தை முதன்முதலில் அமைப்புக்குள் கொண்டுவருவது) வரும் இடமெல்லாம் ‘இணைத்தல்’ என்று போட்டிருக்கிறோம். ‘கனெக்டட்’ என்பதற்கும் அதே வேர்ச்சொல். விளைவு, திரையில் “இணைக்கப்பட்ட சாதனம் இணைப்பில் இல்லை” என்று வருகிறது. சுவர் சுவிட்சை அணைத்ததால் பல்புக்கு மின்சாரம் இல்லை, அவ்வளவுதான். படிப்பவரோ பல்பை ரீசெட் செய்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கிவிடுவார். ‘இணையாக்கம்’ என்று மாற்றலாமா?

———

> ‘இணையாக்கம்’ என்று மாற்றலாமா?

வேண்டாம். பல கணிப்புகளை ஒரே நேரத்தில் ஓட்டுவதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது. ‘இணைசேர்த்தல்’ விலங்கியல் பாடம், பல்புக்கு வேண்டாம். ‘சோடியாக்கம்’ புளூடூத் காதொலிப்பானுக்குப் பொருந்தும், ஏனென்றால் அங்கே இருப்பவை இரண்டே கருவிகள்.

பல்பு, உணரி போன்றவை கம்பியில்லாமல் பேசும் ஜிக்பீ முறையில் சோடியே கிடையாது. எல்லாவற்றையும் நடத்தும் மையக் கருவியான ஹப்பில் ‘பர்மிட் ஜாயின்’ (சேர அனுமதி) அழுத்தினால் வலை அதிகபட்சம் 254 நொடி திறந்திருக்கும். ரீசெட் ஆன சாதனம் அலைத்தடம் 11 முதல் 26 வரை தேடி, அருகில் பதில் சொல்லும் எந்த ரூட்டர் (மற்றவற்றின் செய்தியைக் கடத்தும் சாதனம்) வழியாகவும் உள்ளே வரும். அது ஹப்பாக இருக்க வேண்டியதில்லை, இடையில் இருக்கும் இன்னொரு பல்பாகவும் இருக்கலாம். பிறகு வலையின் சாவி, அதாவது மறையாக்கக் குறியீடு, அதற்குத் தரப்படுகிறது. நடப்பது வலையில் சேர்வது. ஆகவே ‘சேர்ப்பு’, ‘சேர்ப்பு நிலை’, ‘சேர்ப்பு அனுமதி’.

இன்னொரு கம்பியில்லா முறையான இசட்-வேவில் இது இன்னும் கச்சிதம். அவர்களே ‘இன்க்ளூஷன்’, ‘எக்ஸ்க்ளூஷன்’ என்கிறார்கள், சேர்ப்பு, விலக்கு. பழைய வலையிலிருந்து விலக்காத சாதனம் புதிய வலையில் சேராது. பழைய ஹப் பழுதாகிவிட்டாலும் கவலையில்லை, புதிய ஹப்பைக் கொண்டே விலக்கலாம். உதவிப் பக்கத்தில் இதை எழுதும்போது ‘இணைப்பைத் துண்டி’ என்று எழுதினால் மின்கம்பியைப் பிடுங்குவார்கள்.

———

சேர்ப்பு எனக்கும் சம்மதம்தான், ஆனால் ஓர் இடறல். ‘ஆட் டிவைஸ்’ பொத்தானும் ‘சாதனத்தைச் சேர்’ என்றே இருக்கிறது. வை-ஃபை கேமராவை ஐ.பி. முகவரி கொடுத்துப் பட்டியலில் ஏற்றுவதும் அதே பொத்தான்தான். அங்கே வானொலி வேலை எதுவும் இல்லை.

இன்னொன்று, ‘பைண்டிங்’. சுவிட்சு ஹப்பைக் கேட்காமல் நேரே பல்புக்கு ஆணை அனுப்பும்படி அமைப்பது. ஹப் நின்றுபோனாலும் விளக்கு எரியும். இதற்கும் இப்போது ‘இணைத்தல்’ என்றே இருக்கிறது! ‘பிணைத்தல்’ என மாற்றப் பரிந்துரைக்கிறேன்.

———

பிணைத்தல் சரி. பொத்தானில் ‘சாதனத்தைப் பட்டியலில் ஏற்று’ என்று போட்டால் மோதல் தீரும்.

‘இன்டர்வியூ’ பற்றி யாரும் பேசவில்லை. ‘நேர்காணல்’ என்று இருப்பதைப் பார்த்தால் சாதனம் வேலை தேடி வந்ததுபோல் இருக்கிறது. சேர்ந்த சாதனத்திடம் அதன் மாடல், திறன்கள் ஆகியவற்றை ஹப் கேட்டறியும் கட்டம் அது. ‘விவரம் கேட்டல்’ போதும். அதிகம் சிக்குவதும் இங்கேதான். பேட்டரி உணரிகள் சில நொடிகளில் உறங்கிவிடும். கேள்வி பாதியில் நிற்கும். பெயர் தெரியாத சாதனம் ஒன்று பட்டியலில் தங்கிவிடும். எனவே செய்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்: “விவரம் கேட்டு முடியும்வரை சாதனத்தின் பொத்தானைச் சில நொடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டிருங்கள்.” தட்டினால் போதும். அழுத்திப் பிடித்தால் மறுபடி ரீசெட் ஆகிவிடும், ஆகவே ‘அழுத்துங்கள்’ என்று மாற்றிவிடாதீர்கள்.

உதவிப் பக்கத்தில் வரிசையும் முக்கியம். முதலில் எப்போதும் மின்சாரம் உள்ள பிளக்குகள் (ரூட்டர்களாக வேலை செய்பவை), பிறகு பேட்டரி உணரிகள். உணரியை அது நிலையாக இருக்கப்போகும் இடத்திலேயே சேர்ப்பது நல்லது, சில உணரிகள் முதலில் பிடித்த ரூட்டரை எளிதில் விடாது. யு.எஸ்.பி. டாங்கிளை (கணினியில் செருகும் ஜிக்பீ வானொலியை) யு.எஸ்.பி. 3.0 துளையில் நேரடியாகச் செருகினால், ஜிக்பீ பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் ஏறி, சேர்ப்பே நடக்காமல் போகலாம். நீட்டிப்புக் கம்பி போட்டுத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

———

பல நிறுவனச் சாதனங்களுக்கும் பொதுவான ‘மேட்டர்’ தரத்துக்கு மட்டும் ஒரு வரி. அதில் பேரிங்குக்கு வழங்கும் ‘கமிஷனிங்’ என்பதைப் ‘பணியமர்த்தல்’ என்று ஆக்கியிருப்பது நேர்காணலுக்குத் தம்பி. அதையும் சேர்ப்பு என்றே வைப்போம். ஆனால் ஒரே சாதனம் இரண்டு ஹப்புகளில் இருக்கலாம். இரண்டாவதில் சேர்க்க, முதல் ஹப்பில் சேர்ப்பு அனுமதியைத் திறந்து, அது தரும் புதிய 11 இலக்க எண்ணை இட வேண்டும். பலர் பெட்டியில் அச்சிட்ட எண்ணையே திரும்பத் திரும்ப இட்டுத் தோற்கிறார்கள். அந்தச் செய்தியை “மற்றொரு ஹப்பிலும் சேர்” என்று தனியாக எழுதியிருக்கிறேன். ‘ஹப்’பை ‘நடுவம்’ ஆக்கும் யோசனையைத் தனி இழையில் பேசலாம், இதில் கலக்க வேண்டாம்.