எக்கோ நார்மல் என்று வந்த பிறகும் சிடி ஆஞ்சியோ எதற்கு?

வெண்ணாற்றங்கரை:
அப்பாவுக்கு 64 வயது. நீடாமங்கலம் பக்கம் விவசாயம். குறுவை அறுப்பில் நெல் மூட்டையோடு வரப்பேறினால் நெஞ்சை அழுத்திப் பிடிக்கிறது என்கிறார். உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுகிறதாம். தஞ்சாவூரில் எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன், எடுத்தோம். பம்பிங் 60 சதவீதம், அது நார்மல்தானாம், வால்வுகளும் நன்றாக இருக்கின்றன. ஆனாலும் டாக்டர், இதய ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோ எடுக்கச் சொல்கிறார். "நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாங்கல்ல, அப்புறம் என்ன" என்று அப்பா வர மறுக்கிறார். எக்கோ மட்டும் போதாதா?

குடந்தை எக்கோ அறை:
தம்பி, பதினோரு வருடமாக எக்கோ எடுக்கிறேன். அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். எஞ்சின் ஓடுகிறதா, தண்ணீர் இறைக்கிறதா, புட்வால்வு பிடிக்கிறதா என்று எக்கோ காட்டும். எஞ்சினுக்கு டீசல் வரும் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று காட்டாது. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மெல்லியவை, எக்கோவில் அவற்றின் அடைப்பைப் பார்க்க முடியாது. படுத்திருக்கும்போது இருக்கிற ரத்தம் போதும், அதனால் பெரிய அடைப்பு இருந்தாலும் பம்பிங் 60 வரலாம். மூட்டை தூக்கும்போதுதான் போதாது. அவர் சொல்லும் வலி அப்படித்தான் இருக்கிறது.

எக்கோவை மட்டமாகச் சொல்லவில்லை. போன மாதம் ஏழு மாத கர்ப்பிணி ஒருத்தி மூச்சு வாங்க வந்தாள். சிறுவயதில் மூட்டுக்காய்ச்சல் வந்தவள். பக்கவாட்டில் படுக்க வைத்து ஜெல் தடவிய கொஞ்ச நேரத்தில், இதயத்தின் இடப்பக்கம் இருக்கும் மைட்ரல் வால்வு சுருங்கிப் பாதிதான் திறப்பது திரையில் தெரிந்துவிட்டது. கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, வயிற்றுப் பிள்ளைக்கும் பயமில்லை. வால்வு அசைவதையும் ரத்தம் பாயும் வேகத்தையும் அங்கேயே பார்க்க எக்கோதான் முதல்.

அப்பா பீடி குடிப்பாரா? காற்று நிறைந்த நுரையீரல் குறுக்கே வந்தால் ஒலி உள்ளே போகாது, படம் மங்கும். மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, அந்த நாலைந்து துடிப்புக்குள் பிடிப்போம். எடுப்பவர் கையையும் பொறுத்தது.

மயிலாடுதுறை மகள்:
அண்ணே, சிடிக்கு முன் கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுங்கள். சாயம் ஏற்றுவார்கள். அம்மாவுக்குச் சர்க்கரையால் கிட்னி பலவீனம், மூட்டு வலியால் ட்ரெட்மில்லும் முடியவில்லை. மருந்து ஏற்றி இதயத்துடிப்பைக் கூட்டி எக்கோ எடுத்தார்கள். இதயச் சுவரில் ஒரு பகுதி சரியாக அசையாதது அப்போதுதான் தெரிந்தது.

வெண்ணாற்றங்கரை:
பீடி உண்டு அக்கா, நாற்பது வருடமாக. கிரியேட்டினின் 0.9, நார்மல்தான். எம்ஆர்ஐ எடுத்தால் எல்லாம் தெரியாதா?

குடந்தை எக்கோ அறை:
தசையில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்க எம்ஆர்ஐ அருமை. ஆனால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், குழாய் அடைப்புக்கு முதலில் அதற்குப் போவதில்லை. சிடியில் சுண்ணாம்பு அதிகம் படிந்திருந்தால் அடைப்பு பெரிதாகத் தெரியும், அப்போது கை ரத்தக் குழாய் வழியாக மெல்லிய டியூப் விட்டு ஆஞ்சியோ பார்ப்பார்கள். அதிலேயே அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட்டும் வைக்கலாம். சிடிக்கு முன் துடிப்பைக் குறைக்க மாத்திரை தருவார்கள், மூச்சிரைப்பு இருந்தால் சொல்லிவிடுங்கள். அதுவரை மூட்டை தூக்க வேண்டாம். சும்மா இருக்கும்போதே வலி வந்தால் ஸ்கேனுக்குக் காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
டீசல் குழாய் என்றதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வெறும் வயித்துல போகணுமா?" என்று கேட்டார். வியாழக்கிழமை கூட்டிப் போகிறேன்.