45 ஆயிரத்துக்குள்ள கேமிங் பிசி, ஐ7-ன்னு சொல்லி தாராவளே, நம்பலாமா?

பாளை_பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைல காலேஜ் ரெண்டாம் வருசம் படிக்கேன். வீட்ல கெஞ்சி கூத்தாடி 45 ஆயிரம் வரைக்கும் சம்மதம் வாங்கிருக்கேன், மானிட்டர் கீபோர்டு மவுஸ் எல்லாம் அதுக்குள்ளதான், அதுக்கு மேல ஒத்த ரூவா கெடையாதுன்னு அப்பா கறாரா சொல்லிட்டாவ. வாலரன்ட், ஜிடிஏ 5, முடிஞ்சா சைபர்பங்க் 2077, எல்லாம் 1080பி-ல ஓடுனா போதும்.

வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு கடைல கேட்டதுக்கு ஐ7 ப்ராசசர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, கலர் கலரா லைட் எரியுற கேபினட்டு, மானிட்டரோட 32 ஆயிரம்னு சொல்லுதாவ. எத்தனாவது ஜெனரேசன்னு கேட்டா "எல்லாம் நல்ல ஜெனரேசன்தான் தம்பி"ங்காவ. கொட்டேசன் எழுதி வாங்கிப் பாத்தா ஐ7 3770, எச்61 மதர்போர்டு, ஜிடி 730 கிராபிக்ஸ் கார்டுன்னு இருக்கு. 13 ஆயிரம் மிச்சமாகுதேன்னு அப்பாவுக்கு ஒரே சந்தோசம். அண்ணன் என்னன்னா லேப்டாப் எடுலேங்கான். யாராவது வெவரமா சொல்லுங்களேன்.

டவுன்_சர்வீஸ்:
ஏலே தம்பி, அந்தப் பக்கமே போயிராத. 3770 வந்தது 2012-ல. நாலு கோர் எட்டு த்ரெட்டு. இப்ப உள்ள ஐ3 12100எஃப்பும் அதே நாலு கோர் எட்டு த்ரெட்டுதான், ஆனா அந்த பழைய ஐ7 இதுக்குப் பக்கத்துல கூட நிக்காது. அப்பா அம்மாவோட வாரவங்களுக்கு 7 பெருசு 3 சிறுசுன்னுதான் தெரியும், அத வச்சுதான் இந்த யாவாரமே ஓடுது. இன்னொண்ணு, விண்டோஸ் 11-ல வாலரன்ட் ஓடணும்னா டிபிஎம் 2.0, செக்யூர் பூட்டுன்னு ரெண்டு பாதுகாப்பு வசதி வேணும், அந்த எச்61 போர்டுல அதுக்கு வழியே இல்ல, 3770-ஐ விண்டோஸ் 11 லிஸ்ட்டுலயே சேக்கல. விண்டோஸ் 10-ல ஓட்டிக்கலாமேன்னு கேப்ப, அதுக்கு மைக்ரோசாப்ட் சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சு போச்சு.

பெறவு அந்த ஜிடி 730. 4 ஜிபி 4 ஜிபின்னு சொல்லுதாவல்லா, தொட்டி பெருசா இருந்து என்ன செய்ய, குழாய் வாய் சிறுசுல்லா. டிடிஆர்3 மெமரி போட்ட 64 பிட் 730-ல செகண்டுக்கு 14.4 ஜிபிதான் போய் வரும். ஆர்எக்ஸ் 6600 கார்டுல 224 ஜிபி. வித்தியாசத்த நீயே பாத்துக்க.

எங்கிட்ட கேட்டா ரைசன் 5 5600 ப்ராசசர், பி450 இல்ல பி550 போர்டு, 8 ஜிபி ரேம் ரெண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி, இதுல சைபர்பங்க் வரைக்கும் 1080பி-ல தாராளமா ஆடலாம். ஆனா 45-க்குள்ள எல்லாமே புதுசா வராது, அதுவும் 2025 கடைசில இருந்து ரேம் வெல சும்மா ஏறிட்டு கெடக்கு, ஏஐ டேட்டா சென்டருக்குன்னு மொத்தமா அள்ளிட்டுப் போறாவ, அதனால ப்ராசசரும் ரேமும் செகண்ட்ஸ்ல பாரு, அது ரெண்டும் சட்டுன்னு கெட்டுப்போற சாமான் இல்ல. கார்டையும் செகண்ட்ஸ்ல பாத்தாதான் பட்ஜெட் நிக்கும். எஸ்எம்பிஎஸ், அதான் எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்க பெட்டி, அது மட்டும் கண்டிப்பா புதுசு, பில்லோட. கேபினட்டோட சும்மா தாராவளே, மேல 450 வாட்னு ஸ்டிக்கர் ஒட்டி, கைல தூக்குனா வெயிட்டே இருக்காது, அந்த சவத்த தூக்கிப் போட்டுரு. 6600 கார்டு 132 வாட், 5600 ப்ராசசர் 65 வாட் டிடிபி, நல்ல கம்பெனி 550 வாட் 80 ப்ளஸ் ப்ரான்ஸ் போட்டா போதும்.

ரெட்டியார்பட்டி_ரைடர்:
லேப்டாப் வேண்டாம்டே. இந்த துட்டுக்கு கேமிங் லேப்டாப் கெடைக்காது, கெடைச்சாலும் மே மாச வெக்கைல பத்து நிமிசத்துல சூடேறி அதுவே வேகத்த கொறச்சுக்கிடும். ஹாஸ்டல்ல இருந்தா வேற கத.

அம்பை_அக்கா:
டவுன் அண்ணாச்சி சொன்னது கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பாதி சாமான் செகண்ட்ஸ்னா வாரண்டி இருக்காது, ரெண்டாம் வருசப் பையன் ஒண்ணு போச்சுன்னா வீட்ல என்னன்னு போய் நிப்பான்? நான் சொல்லுதது இது, இப்ப ரைசன் 5 5600ஜி போட்டு முடி, அதுலயே வேகா கிராபிக்ஸ் இருக்கு, தனி கார்டு வேண்டாம். வாலரன்ட் லோ செட்டிங்ல 100 எஃப்பிஎஸ்ஸுக்கு (செகண்டுக்கு 100 ஃப்ரேம்) மேலயே வரும், ஜிடிஏ 5-உம் சமாளிக்கும். சைபர்பங்க் மட்டும் அடுத்த வருசம் கார்டு வாங்குத வரைக்கும் பொறுத்துக்க, ஒண்ணும் குடி முழுகிப் போயிராது.

ஆனா ஒண்ணு, 16 ஜிபி ஒத்த ரேமா எடுக்காத, 8 ஜிபி ரெண்டா எடு. கடைல "பின்னால ஏத்திக்கலாம், ஒண்ணு போதும்"பாவ, கேக்காத. தனி கார்டு இல்லாதப்ப கிராபிக்ஸுக்கும் அந்த ரேம்தான் மெமரி. டிடிஆர்4 3200 ஒண்ணு போட்டா செகண்டுக்கு 25.6 ஜிபி, ரெண்டு போட்டா 51.2. அப்படியே டபுள். கேம்ல அது நல்லாவே தெரியும், என் தம்பி சிஸ்டத்துல ரெண்டாவது ரேம் போட்ட அன்னிக்கு அவன் வேற மெசினோன்னு நெனச்சுட்டான். பயாஸ்ல (போர்டோட செட்டிங் பக்கம்) போய் எக்ஸ்எம்பி இல்ல டிஓசிபின்னு இருக்கும், அதையும் ஆன் பண்ணனும், இல்லன்னா 3200-ன்னு துட்டு குடுத்து வாங்குனது 2400 இல்ல 2666-லயே ஓடிட்டு கெடக்கும்.

பின்னால கார்டு வாங்கும்போது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மட்டும் வாங்கிராத. 5600ஜி பிசிஐஇ 3 தான், கார்டுக்கு டேட்டா போற வழி அதுல பழைய வேகம், அந்த கார்டுக்கு நாலு லேன் (பாதை) மட்டும், 4 ஜிபி மெமரி வேற, நல்லா அடி வாங்கும். 6600-க்கு எட்டு லேன், பெருசா ஒண்ணும் தெரியாது.

தேரிக்காட்டு_கேமர்:
ரெண்டு பேரும் சொல்லுதது சரிதான், ஆனா பையன் சைபர்பங்க் கேக்கான்லா, நானா இருந்தா 6600 செகண்ட்ஸ்தான். பாத்து வாங்கணும், அவ்வளவுதான்.

நம்ம பக்கத்துல செகண்ட்ஸ் எடுக்கவங்க 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்த மறக்கப்படாது. அன்னைக்கு தண்ணிக்குள்ள கெடந்த சிஸ்டத்த கழுவிக் காயவச்சு வித்தவங்களும் உண்டு. மேலோட்டமா பளபளன்னு இருக்கும், ஸ்லாட்டு பக்கத்துல மாட்டுத தகட்டுல இருக்க ஸ்க்ரூவ பாரு, மரை ஓரத்துல துரு இருக்கும். எச்டிஎம்ஐ போர்ட்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாரு, பச்சையா பூத்துருந்தா எந்திரிச்சு வந்துரு. ஃபேன விரலால சுத்திவிட்டா சத்தமில்லாம தானா நிக்கணும், கரகரன்னு நின்னா பேரிங் போச்சு.

பெறவு ஓட்டிப் பாக்காம துட்டு குடுக்காத. ஜிபியு-இசட்னு ஒரு சாப்ட்வேர் போட்டு பேரு, மெமரி சரியான்னு பாரு, ஃபர்மார்க்னு கார்ட முழு லோடுல ஓட்டுத டெஸ்ட்ட ஒரு பதினஞ்சு நிமிசம் ஓட விடு, திரைல கோடு, பொட்டு விழுந்தாலோ ஆஃப் ஆனாலோ வேண்டாம். ஆர்எக்ஸ் 580 8 ஜிபி சல்லிசா இருக்குன்னு யாராவது தள்ளி விட்டாவன்னா அது 2048எஸ்பியான்னு பாரு, பேருதான் 580, உள்ள கொறஞ்ச சாமான். கிரிப்டோ மைனிங்ல ராப்பகலா ஓடி வெந்ததும் நெறய சுத்துது.

கேபினட்டு முன்பக்கம் கண்ணாடியா எடுக்காத, வலை இருக்கதா எடு, உள்ள வலைக்கு பின்னால தூசி ஃபில்டர் கழத்தி கழுவுத மாதிரி இருக்கணும். எங்க திசையன்விளை பக்கம் ஆடிக் காத்துக்கு ஃபில்டர் முழுக்க செம்மண்ணுதான், பாளைல அவ்வளவு இருக்காது, ஆனாலும் தரைல வைக்காத.

பாளை_பொடியன்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, அக்கா, எல்லாருக்கும். அப்பாட்ட இதையெல்லாம் அப்படியே வாசிச்சுக் காட்டுனேன், அந்த ஐ7 வேண்டாம்னு ஒத்துக்கிட்டாவ. 5600-உம் 6600-உம்தான் பாக்கப் போறேன், அக்கா கோவிச்சுக்கிடாதீங்க. இன்னும் ரெண்டு சந்தேகம். வீட்ல டிவிக்கு போட்ட பழைய 600 விஏ யூபிஎஸ் ஒண்ணு சும்மா கெடக்கு, அது போதுமா? இப்ப உள்ள பழைய கம்ப்யூட்டர் கேபினட்ட வெறுங்கால்ல நின்னு தொட்டா சுர்ருங்குது, அது எதனால?

டவுன்_சர்வீஸ்:
600 விஏன்னா 360 வாட்டுதான் வரும். கார்டு ஏறி நிக்கும்போது மானிட்டரும் சேந்தா ஒட்டுனாப்ல போவும், பேட்டரி பழசுன்னா கரண்ட் போன ஒடனே சிஸ்டமும் போவும். முடிஞ்சா 1100 விஏ, 660 வாட் வரும், இப்ப துட்டு இல்லன்னா பெறவு வாங்கு, அது இல்லாமலும் கேம் ஓடும்.

சுர்ருங்கது எர்த்து இல்லாததால. எஸ்எம்பிஎஸ்குள்ள லைனுக்கும் பாடிக்கும் நடுவுல ஃபில்டர் கெப்பாசிட்டர் இருக்கும், எர்த்து இல்லன்னா பாதி வோல்டேஜ் கேபினட்டுல வந்து நிக்கும். பழைய வீட்ல மூணு ஓட்ட ப்ளக்கு இருக்கும், அந்த பெரிய ஓட்டைக்கு வயரே போட்டிருக்க மாட்டாவ. புது சிஸ்டம் மாட்டுததுக்கு முன்னால எலக்ட்ரீசியன கூப்பிட்டு எர்த்த சரி பண்ணிரு, ஐப்பசில இடி இடிச்சா ப்ளக்க உருவி விட்டுரு, நெட் கேபிளையும்தான். எங்க கடைக்கு மழக்காலத்துல வார போர்டு பாதிக்கு மேல நெட் கேபிள் வழியா போனதுதான்.

ரெட்டியார்பட்டி_ரைடர்:
சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல அசெம்பிள் பண்ணி ஆம்னி பஸ்ல பார்சல் போடுத ஐடியா இருந்தா கார்ட கழத்தி தனி டப்பால வாங்கு, மாட்டுனபடியே அனுப்புனா வார வழில ஆடி ஸ்லாட்டு முறிஞ்சிரும். இங்க வந்து மாட்டுதது அஞ்சு நிமிச சோலி, ஒரு எட்டு ஊசி ப்ளக்குதான், எஸ்எம்பிஎஸ்ல பிசிஐஇ-ன்னு எழுதிருக்க வயர சொருகு, சிபியு-ன்னு எழுதுனதும் பாக்க அதே மாதிரிதான் இருக்கும், அத போட்டு அமுக்காத.