கிராஃபீம் கிளஸ்டர்: ‘எழுத்தலகு’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் தரப்பாடு யூனிகோட். அது தரும் எண்ணே குறியெண். ஒன்றோ பலவோ குறியெண்களால் ஆகி, படிப்பவர் பொதுவாக ஓரெழுத்தாகக் காணும் துண்டை அது கிராஃபீம் கிளஸ்டர் (grapheme cluster) என்கிறது. கலைச்சொல் பட்டியலுக்காக அதற்குத் தமிழில் முன்வைக்கப்பட்ட ‘வரியுருக் கொத்து’ சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. என் தயக்கம் ‘கொத்து’ என்பதில்தான். உரையைப் பகுப்பது பற்றிய யூனிகோடின் 29ஆம் இணைப்பின்படி ‘கொ’ ஒரு கிளஸ்டர், தனித்து நிற்கும் ‘அ’வும் ஒரு கிளஸ்டர். ஒரே குறியெண்ணால் ஆனதைக் கொத்து என்றழைத்தால் வரையறையின் முதல் வரியிலேயே சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். மொழியியலின் ஒலியன் (ஃபோனீம்), உருபன் (மார்ஃபீம்) ஆகியவற்றின் வழியில் ‘எழுத்தன்’ என்று ஆக்கவும் இடமுண்டு. ஆனால் அது மொழியியலார் பகுத்தறியும் கருத்துநிலை வகையையே நினைவூட்டும். நமக்கு வேண்டியதோ, திரையில் இடஞ்சுட்டி (கர்சர்) ஒருமுறை நகரும்போது தாண்டுகின்ற, நிரலால் எண்ணக்கூடிய ஒரு துண்டுக்கான பெயர்.

‘கொடி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். படிப்பவருக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் ககரம், ஒகரக் குறி, டகரம், இகரக் குறி என நான்கு குறியெண்கள். ஒகரக் குறியை ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்துச் சேமித்தால் ஐந்து. இவ்விரண்டையும் நிகரானவை என்றே தரப்பாடு கொள்கிறது. குறியெண்களைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறிமுறையில் இக்குறியெண்கள் ஒவ்வொன்றும் 3 பைட்டு என்பதால் 12 அல்லது 15 பைட்டு. நீளம் என்னவென்று கேட்டால் 2, 4, 5, 12, 15 என்னும் ஐந்து விடைகளும் சரியே. எப்படிச் சேமித்தாலும் மாறாதது 2 மட்டும். அந்த 2 எதை எண்ணுகிறதோ அதற்கு ‘எழுத்தலகு’ என்பதே என் பரிந்துரை.

வெறும் ‘எழுத்து’ ஏன் போதாது? மெய்யின் மேலிடும் புள்ளிக்கும் யூனிகோட் தனிக் குறியெண் தந்து அதையும் ஒரு கேரக்டர் என்கிறது. தமிழில் அதை யாரும் எழுத்தென்று சொல்வதில்லை. ஆகவே வெறும் ‘எழுத்து’ என்றால் எதை எண்ணுகிறோம் என்பதில் குழப்பம் வரும். வடிவம் என்பதும் வேறு. 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் ‘ணை’, ‘லை’ முதலியவற்றின் தோற்றம் மாறியது. ஆனால் பழைய தோற்றத்துக்கும் புதியதற்கும் குறியெண்கள் ஒன்றே, வேறுபாடு எழுத்துருவில் மட்டுமே இருக்கிறது. ஆகவே எழுத்துருவில் வரையப்படும் தோற்றமான கிளிஃப் (glyph) என்பதற்கு ‘வரிவடிவம்’ தனியே நிற்கட்டும்.

இணையப் (எச்டிஎம்எல்) பக்கத்தில் பத்தியின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் சிஎஸ்எஸ் (பக்கத் தோற்றத்தை வகுக்கும் மொழி) விதி, ‘கொ’வில் ககரத்தை மட்டும் பிரித்தெடுத்தால் கொம்பும் காலும் அநாதையாகிவிடும். “முதல் எழுத்தலகைப் பெரிதாக்குக” என்று எழுதினால் எதைச் செய்ய வேண்டும் என்பதில் ஐயமே எழாது. யாப்பில் ‘அலகிடுதல்’ (சீர்களை அசைகளாகப் பிரித்தல்) இருக்கிறதே என்று சிலர் தடை எழுப்பக்கூடும். கூட்டுச்சொல்லாக வரும்போது அந்தக் குழப்பத்துக்கு வழியில்லை என்றே நினைக்கிறேன்.

உண்மையான சிக்கல் ‘க்ஷ’வில் இருக்கிறது. யூனிகோடின் பொது விதி அதை ‘க்’, ‘ஷ’ என இரண்டாக வெட்டுகிறது. படிப்பவரோ ஒன்றாகக் கொள்கிறார். ‘ஸ்ரீ’க்கும் இதே கதிதான். மொழிக்கேற்ப விதியைத் திருத்திக்கொள்ளத் தரப்பாடே இடம் தருவதால், அவ்வாறு திருத்திப் பெறுவதைத் ‘தகவமைத்த எழுத்தலகு’ என்று கலைச்சொல் பட்டியலில் தனிப்பதிவாகச் சேர்க்கலாம். அந்தப் பதிவில் எடுத்துக்காட்டாக இவ்விரண்டையும் தவறாமல் தர வேண்டும்.